தமிழ் சொல்லிக்கொடுக்க வெளிநாடு போகலாமா?



"வெளிநாடு" என்று சொன்னால் கிண்ணியாவில் நமக்கு உடனே நினைவுக்கு வருவது என்ன? மாப்பிள்ளைமார் கத்தாரிலோ சவூதியிலோ சாரதியாகவோ கடைச் சிப்பந்தியாகவோ இருப்பார்கள். கஷ்டப்பட்ட வீடுகளின் பெண்கள் குவைத்துக்கும் ரியாதுக்கும் வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். இவை நாம் கண்ணால் கண்ட வெளிநாடுகள்.

படித்த பிள்ளைகளின் கதை வேறு. உயர்தரத்தில் தமிழுக்கு 'ஏ' எடுத்து, பல்கலைக்கழகம் போய்ப் பட்டமும் பெற்று, அரச நியமனம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பெண் பிள்ளைகள் நம் ஊரில் குறைவா? "தமிழைப் படித்து என்ன கண்டாய்? இங்கிலீசைப் படித்திருந்தாலாவது நாலு இடத்தில் வேலை கிடைத்திருக்கும்" என்று சொந்தக்காரர் கேட்கும்போது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது.

அப்படித் தலை குனியத் தேவையில்லை. தமிழைச் சொல்லிக்கொடுப்பதும் உலகில் ஒரு தொழில்தான். அந்த வேலை மிகக் கொஞ்சம், எல்லாருக்கும் கிடைக்காது, ஆனால் இருக்கிறது. எங்கே இருக்கிறது, யாருக்குக் கிடைக்கும், அதற்கு இங்கிருந்தே எப்படித் தயாராவது என்பதைப் பார்ப்போம்.

நமக்குத் தாய்மொழி, அவர்களுக்கு அரிய மொழி

ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற மொழிகளை உலகில் கோடிக்கணக்கானோர் பாடமாகப் படிக்கிறார்கள். அவற்றைக் கற்பிக்க ஆசிரியர்களும் ஏராளம். தமிழும் சிங்களமும் அப்படியல்ல. வெளிநாட்டுக் கல்வி உலகில் இவை "குறைவாகக் கற்பிக்கப்படும் மொழிகள்" என்ற வரிசையில் வருகின்றன. படிக்க வருவோர் சிலர். முறையாகக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடச் சிலர்.

வெளிநாட்டார் தமிழ் படிப்பது புதிதல்ல. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. ஆங்கில அதிகாரிகளுக்குத் தமிழ் முதலான மொழிகளைக் கற்பிக்க 1812இல் சென்னையில் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அங்கே துரைமாருக்குப் பாடம் சொன்ன முன்ஷிகள் நம்மைப் போலத் தமிழைத் தாய்மொழியாகப் பேசியவர்கள்.

அமெரிக்காவில் இந்த ஆர்வம் வந்த காரணம் வேடிக்கையானது. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைக் கோளை வானில் ஏவியது. "நாம் பின்தங்கிவிட்டோமே!" என்று பதறிய அமெரிக்கா 1958இல் ஒரு கல்விச் சட்டம் இயற்றி, விஞ்ஞானத்தோடு உலக மொழிகளுக்கும் பணம் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் ஆசிய மொழி வகுப்புகள் அங்கே பெருகின. சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழ் வளர்ந்தது. கோர்ணெல் பல்கலைக்கழகம் சிங்களத்தைப் பல காலம் கற்பித்து வந்திருக்கிறது.

நம்மவர்கள் போன வழி

இந்த வழியில் இலங்கையர் முன்பே நடந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவரே முன்னின்றார்.

நம் சமூகத்திலிருந்தும் ஒருவரைச் சொல்லவேண்டும். பாணந்துறையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று அமைந்த இருக்கையின் முதல் பேராசிரியராகப் பணிபுரிந்தார். தமிழ்நாட்டிலேயே எத்தனையோ தமிழ் அறிஞர்கள் இருக்க, இலங்கை முஸ்லிம் ஒருவரை அழைத்தது ஏன்? அவர் படித்திருந்த துறையை அந்த அளவுக்கு அறிந்தவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றி அவர் இளமையிலேயே ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார். சிங்களத்திலும் வல்லவர். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைத் தமிழில் 'கிராமப் பிறழ்வு' என்று தந்தவரும் அவரே. பொதுவாகத் தமிழ் தெரிந்தவர் என்பதோடு நில்லாமல், மற்றவர் தொடாத ஒன்றை ஆழமாகத் தெரிந்துவைத்திருந்தார். அழைப்பு தேடி வந்தது.

தமிழ்நாட்டு எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். தமிழ் எழுத்தாளர் ஒருவருக்குக் கிழக்கு ஐரோப்பாவில் வேலை கிடைக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இப்போது எங்கே கேட்கிறார்கள்?

கதவுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு.

முதலாவது, வளைகுடா. நமக்கு மிகக் கிட்டிய கதவு இதுதான். மஸ்கட், டோஹா, ரியாத் போன்ற நகரங்களில் இலங்கைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகள் நடக்கின்றன. சிங்களமும் தமிழும் சொல்லிக்கொடுக்க அங்கே ஆசிரியர் தேவைப்படலாம். வளைகுடாவின் சில இந்தியப் பாடசாலைகளிலும் தமிழ் ஒரு பாடம். கணவர் அங்கே குடும்பத்தை அழைக்கும் தகுதியில் வேலை செய்கிறார் என்றால், நீங்கள் ஆசிரியைத் தகைமையோடு போனால் வீட்டில் சும்மா இருக்கத் தேவையில்லை. ஆனால் குடும்ப விசாவில் போனவர் வேலை செய்ய அந்நாட்டு அனுமதி தனியாக வேண்டும். அதைப் பாடசாலையிடம் முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, தமிழுக்கு அரச இடம் கொடுத்த நாடுகள். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. அங்கே பாடசாலைகளில் தமிழ் தாய்மொழிப் பாடம். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் பெயரில் அங்கே ஒரு தமிழ்மொழி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயர் அது. பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் நிலையத்தில் வாழ்கிறது. சிங்கப்பூர் தன் ஆசிரியர்களைத் தன் தேசியக் கல்விக் கழகத்திலேயே பயிற்றுவிக்கிறது, உள்நாட்டவருக்கே முன்னுரிமை. மலேசியாவில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருந்தாலும் அரச ஆசிரியர் வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கே. மொரீசியஸ் நாணயத்தாளில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆயினும் அங்கேயும் உள்ளூரிலேயே ஆசிரியரைப் பயிற்றுகிறார்கள். "மலேசியத் தமிழ்ப் பள்ளியில் வேலை எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகங்கள். மதிப்பும் சம்பளமும் இங்கே அதிகம். இடங்கள் மிகக் குறைவு. முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ கேட்பார்கள். நல்கைப் பணத்தை நம்பி நடக்கும் வகுப்புகள் ஆதலால் நிலையும் உறுதியல்ல. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தலே நின்றுவிடும் நிலை வந்து, 2021இல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி இந்திய ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டொலர் நன்கொடை திரட்டினார்கள். இளையோருக்கு இன்னொரு வழியும் உண்டு: ஃபுல்பிரைட் திட்டத்தில், வெளிநாட்டு இளம் ஆசிரியர்கள் ஒரு கல்வியாண்டு அமெரிக்கக் கல்லூரியில் தம் மொழியைக் கற்பிக்கும் உதவி ஆசிரியர் பிரிவு இருந்து வந்திருக்கிறது. எந்த நாடு, எந்த மொழி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கொழும்பில் 1952 முதல் இயங்கும் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவிடம் நேரடியாகக் கேட்டறிவதே சரி.

நான்காவது, புலம்பெயர்ந்தோரின் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள். கனடா, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எங்கும் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் உயர்தரப் பரீட்சைக்கே தமிழ் ஒரு பாடம். ஆனால் இப்பாடசாலைகளில் பெரும்பாலும் அங்கே குடியிருப்போரே சிறு கொடுப்பனவுக்கோ இலவசமாகவோ படிப்பிக்கிறார்கள். விசா எடுத்து ஆள் கூப்பிடும் இடங்கள் அல்ல.

பேசத் தெரிந்தால் போதாதா?

"பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறேன், எனக்கென்ன பயிற்சி?" என்று கேட்கிறீர்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

"நாங்கள் போகிறோம்", "நாம் போகிறோம்" என்பவற்றுக்கு என்ன வேறுபாடு? கேட்பவரையும் சேர்த்தால் நாம்; சேர்க்காவிட்டால் நாங்கள். நாம் பேச்சில் இதைத் தவறவிடுவதில்லை. ஆனால் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அரபியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். படிக்க வந்த வெளிநாட்டுக்காரி "ஏன் இரண்டு?" என்று கேட்பாள்.

"நான் சாப்பிடுகிறேன்" என்கிறோம். "நான் பசிக்கிறேன்" என்பதில்லை, "எனக்குப் பசிக்கிறது" என்கிறோம். ஏன்? ஆங்கிலம் பேசுபவருக்கு இது பெரிய தலையிடி. சிங்களவருக்கு இலேசு, அவர்களும் "மட படகினி" என்று "எனக்கு" போட்டுத்தான் சொல்கிறார்கள். மாணவரின் மொழி தெரிந்த ஆசிரியைக்கு இந்த இடத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

"காகம்" என்ற சொல்லில் 'க' இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒரே ஒலியா? சொல்லிப் பாருங்கள், இல்லை! "தங்கம்", "பக்கம்" என்றால் மறுபடி மாறுகிறது. புத்தகத்தில் "வருகிறேன்" என்று படித்தவர் கிண்ணியாவில் இறங்கினால் எல்லாரும் "வாறன்" என்கிறார்கள். பேச்சுத் தமிழை முதலில் சொல்லிக்கொடுப்பதா, எழுத்துத் தமிழையா? தமிழ் கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் எல்லாரும் முகங்கொடுக்கும் கேள்வி இது.

குர்ஆன் ஓதத் தெரிந்த எல்லாராலும் ஓதிக்கொடுக்க முடியுமா? முடியாது. மக்ரஜ் தெரிந்த உஸ்தாத், நாக்கு எங்கே படவேண்டும், தொண்டையின் எந்த இடத்திலிருந்து ஒலி எழவேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டித் தருகிறார். ல, ள, ழ மூன்றையும் அப்படித்தான் காட்டவேண்டும். 'ல'வுக்கு நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறம் தொடும். 'ள'வுக்கு நுனி பின்னுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு வளையும், ஆனால் ஒட்டாது. தஜ்வீத் படித்த நம் பெண்களுக்கு இந்த முறை புதிதல்லவே! பலருக்கு இல்லாத ஒரு பயிற்சி அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

இங்கிருந்தே தயாராகுங்கள்

பட்டம் மட்டும் போதாது. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவோ, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவோ இருந்தால்தான் வெளிநாட்டுப் பாடசாலை உங்களை ஆசிரியை என்று ஏற்கும். வேலை, வீடு என்று இருப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. மொழியியல் ஒரு பாடமாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது அனுபவம். தமிழ் தெரியாதவருக்குத் தமிழ் கற்பித்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள். அதற்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேரும் ஒவ்வொருவரும் ஐந்து வருடத்துக்குள் மற்ற ஆட்சிமொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதே 2007இல் சட்டம் இயற்றி, அகலவத்தையில் தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகம் அமைக்கப்பட்டது. திருகோணமலையில் தமிழ் படிக்க வேண்டிய சிங்கள உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்! 2009இல் பாலம் திறந்தபின் கிண்ணியாவிலிருந்து பாதைக்குக் காத்திருக்காமல் நகரத்துக்குப் போய் வரலாம். நான்கு உத்தியோகத்தர்களுக்கு ஆறு மாதம் படிப்பித்து, அத்தாட்சிக் கடிதம் ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சிங்களமும் கூடவே திருந்தும்.

மூன்றாவது ஆங்கிலம். வெளிநாட்டு மாணவருக்கு விளக்கவும் விண்ணப்பம் எழுதவும் அது வேண்டும். நான்காவது, கணினியில் யுனிகோட் தமிழில் தட்டச்சு. ஐந்தாவது, நீங்களே தயாரித்த பத்துப் பாடங்கள் கொண்ட ஒரு கோப்பு. கடையில் சாமான் வாங்குவது, வழி கேட்பது, வைத்தியரிடம் நோயைச் சொல்வது என்று எளிய பாடங்கள் போதும். நேர்முகத்தில் இந்தக் கோப்பை விரித்துக் காட்டுங்கள். சான்றிதழ்களை வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி வைப்பதையும் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஏமாறாதீர்கள்!

பக்கத்து மூதூரின் ரிஸானா நபீக்கை நாம் மறக்க முடியாது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி, 17 வயதில் 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவளது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரிவரத் தெரியாது என்ற முறைப்பாடு கடைசிவரை பேசப்பட்டது. பொய்க் காகிதத்தில் பயணம் தொடங்கியது. மொழி அறிந்த ஒருவர் தேவைப்பட்ட நேரத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. இரண்டையும் நம் பெண்கள் மனதில் வைக்க வேண்டும்.

ஆகவே, "டீச்சர் வேலை" என்று சொல்லி எந்தச் சப்-ஏஜென்டும் வீட்டு வாசலுக்கு வந்தால் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். பாடசாலையின் பெயர் என்ன? நியமனக் கடிதம் எங்கே? விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது? மூன்றையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஆசிரியை, விசாவில் பணிப்பெண் என்றிருந்தால் அது பணிப்பெண் வேலைதான். சுற்றுலா விசாவில் போய் "அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பதை நம்பாதீர்கள். பாடசாலைக்கு நீங்களே எழுதி உறுதிப்படுத்துங்கள். ஏஜென்ஸிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். பணியகத்தின் உடனடித் தொலைபேசி இலக்கம் 1989.

போகாமலே படிப்பிக்கலாம்

சின்னப் பிள்ளைகளை விட்டுப் போக முடியாத உம்மாமாருக்கு இன்னொரு வழி இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொலைபேசித் திரையிலும் கணினியிலும் பாடம் நடக்கிறது. டொரன்டோவில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. லண்டனில் காலை 10 என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மாலை 3.30, கோடையில் 2.30. வீட்டு வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டால் வாரத்தில் நாலைந்து மணித்தியாலம் ஒதுக்க முடியும்.

தொடக்கத்தில் வருமானம் பெரிதாக இராது. கட்டணத்தையும் நேரத்தையும் பெற்றோருடன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். மாதப் பணத்தை உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பெறுங்கள். பாட நேரத்தில் பிள்ளையின் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்வது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. இந்த அனுபவமும் நாளைய விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சேரும்.

உம்மாமாரே, உங்கள் மகள் தமிழ் படிக்க விரும்பினால் "அதில் என்ன இருக்கிறது?" என்று தடுக்காதீர்கள். அதோடு சிங்களமும் ஆங்கிலமும் படி, கற்பிக்கும் முறையைப் படி, சான்றிதழை ஒழுங்காக வை என்று சொல்லிக்கொடுங்கள். வெளிநாட்டு நியமனம் கிடைக்காமல் போனாலும் இந்தப் படிப்பு வீணாகாது. இங்கேயே நல்ல ஆசிரியையாக இருப்பாள். கிடைத்தால், தன் பெயரில் உள்ள சரியான விசாவோடும் கையில் ஒரு தொழிலோடும் விமானம் ஏறுவாள். ரிஸல்ட் வந்ததும் கலியாணமா, காத்திருப்பா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திவிடாமல், இந்த மூன்றாவது வழியையும் இன்றிரவு வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்களேன்!